ஐந்து நொடி

விதிப் புத்தகம் ஸ்டோர் பிரிண்டரில் எடுத்தது,
மை தீர்ந்துகொண்டிருந்த சமயத்தில்.
எத்தனையோ பக்கம். தேடிப் பிடித்த வரி ஒன்று:
எறிபவனை எதிரணியார் தம் செய்கையால்
நிலைகுலையச் செய்யலாகாது.

செய்கை என்றால்?

கை வீசினால் செய்கை.
பந்து கையை விட்டுப் போகும்போது தரையை உதைத்தால் செய்கை.
கத்தினால், சந்தேகமே இல்லை.
கூடைக்குப் பின்னால் கம்பிவேலியில் தொற்றிக்கொண்டு
கைலியை அவிழ்த்து ஆட்டுகிறார்களே பி பிளாக் ஆட்கள்,
அவர்களை நான் ஒன்றும் கேட்க முடியாது.
பார்வையாளர்களுக்கு விதி கிடையாது.
தலைக்கு மேல் சக்கரத்தை இறக்கியபடி போகும் விமானத்துக்கும்.

இன்னொன்றும் உண்டு. உடனே ஊதக் கூடாது.
ஊதலைப் பல்லில் கடித்துக்கொண்டு பந்தையே பார்க்க வேண்டும்.
விழுந்துவிட்டால் எதிராளி செய்தது கணக்கிலேயே வராது.
விழாவிட்டால்தான் குற்றம்.
இந்த இடத்தை மட்டும் பலமுறை படித்திருக்கிறேன்,
டூட்டி பஸ்ஸில், கையில் பென்சிலோடு.
பகலில் போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுப்பது என் வேலை.
ஒன்று குறைந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஷார்ஜா, சஜ்ஜா. வெள்ளி இரவு, இஷா முடிந்து அரைமணி.
இரண்டு கம்பத்தில் ஒரு விளக்குதான் எரிகிறது.
ஏசி செக்‌ஷன் நாற்பத்தொன்று, ஸ்கஃபோல்டிங் நாற்பத்திரண்டு,
மூன்று நொடி பாக்கி, ரொமெலுக்கு இரண்டு எறி.
முதலாவது வளையத்தைத் தொடாமல் இறங்கியது. சமம்.

இரண்டாவதற்குப் பந்தைக் கொடுத்தேன்.
ரொமெல் மூன்று முறை தட்டினான், எப்போதும் மூன்றுதான்.
முழங்காலை மடக்கினான்.
பக்கக் கோட்டில், முட்டியில் கையூன்றி நின்ற சூசைமிக்கேல்,
தூத்துக்குடிக்காரன், எட்டாம் நம்பர் பனியன்,
அசையாமல், யாரையும் பார்க்காமல்,
மெதுவாகச் சொன்னான்:
"ஸ்வெல்டோ."

அவர்கள் பாஷையில் சம்பளம்.
இங்கே பத்து வருஷம் இருந்தால் எல்லார் பாஷையிலும்
அந்த ஒரு சொல் வந்துவிடும்.

பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டு வெளியே வந்தது.
ஊதினேன்.

"கையத் தூக்குனேனா? கத்துனேனா?
உள்ளதச் சொன்னேன் சார்" என்றான் சூசை.
உள்ளதுதான். மூன்று மாதம்.
எனக்கும் மூன்று மாதம்.
சொல்லும் செய்கையா, புத்தகத்தில் இல்லை.
எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும், அதுவும் இல்லை.
ஆனால் நான் பார்த்தது இது:
வெளியே வந்த பந்துக்கு ஒருவன்கூடக் குதிக்கவில்லை.
கோட்டில் நின்ற மற்ற நாலு பேரும்,
அவன் அணிக்காரர்களும் சேர்த்துத்தான்,
நிமிர்ந்து சூசையின் வாயைப் பார்த்தார்கள்.
மேசையில் ஸ்கோர் எழுதும் இம்தாதுல்
பேனாவைத் தூக்கியவன் தூக்கியபடி இருந்தான்.
இதுதான் செய்கை என்று முடிவு செய்தேன்.
மாற்று எறி ஒன்று.

பந்தை வாங்கிய ரொமெல் கூடையைப் பார்க்கவில்லை.
"வந்துருச்சா?" என்று கேட்டான்,
சூசையிடம், தமிழில்.

ஒன்று.
சூசை வாயைத் திறந்து மூடினான்.
இரண்டு.
எறிபவன் தானே கேட்டால் எந்தப் பிரிவு, எத்தனையாவது பக்கம்?
இப்போது யார் யாரைக் குலைக்கிறார்கள்?
மூன்று.
"இல்லடா" என்றான் சூசை. "சும்மா சொன்னேன்."
வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கைலி இடுப்புக்குத் திரும்பியது.
நாலு.
ரொமெல் குனிந்து பந்தைத் தட்டினான், ஒரு முறை.
இன்னும் இரண்டு தட்டு இருக்கிறது அவனுக்கு.

நாலுக்கு அப்புறம் என்ன எண் என்று
எனக்குக் கொஞ்ச நேரம் ஞாபகம் வரவில்லை.